கொண்டுவந்து விடுகிறவர் சொல்ல வேண்டியது

ஆலோசகரின் அறையில் பெரியவர்கள் உட்காரத் தோதான நாற்காலி ஒன்றுகூட இல்லை. எல்லாம் பிள்ளைகளுக்கானவை. சிவப்பு, மஞ்சள், முழங்கால் உயரம். இஸ்திரி போட்ட சட்டையும் முறைப்பான முகமுமாகக் குடும்ப நீதிமன்றத்தின் மாடி ஏறி வந்த லிஃப்ட் மெக்கானிக், அதில் ஒன்றில் உட்கார்ந்ததும் முழங்கால்கள் நெஞ்சுக்கு வந்துவிட்டன. கொண்டுவந்த முறைப்பை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. எதிரே மஞ்சள் நாற்காலியில் வாலுவின் அம்மா. கண்ணாடிக் கடையில் பார்வை சோதிக்கிறவள். கடைச் சீருடையோடே வந்திருந்தாள். அவள் நிலைமையும் அதேதான்.

வாலு அவர்களுடைய ஒரே மகள். எட்டு வயது. நடக்க ஆரம்பித்த வாரமே அலமாரி மேல் ஏறி உட்கார்ந்ததால் வந்த பெயர். பெற்றோர் தனித்தனி வீட்டுக்குப் போய் ஒரு வருடம் ஆகப்போகிறது. பிரிவதில் பெரிய சண்டை இல்லை. ஓட்டப்பந்தயத்தில் பாதியில் உட்கார்ந்துவிடுகிறவர்களைப்போல இருவரும் களைத்துப்போய்த்தான் பிரிந்தார்கள். வாலு யாரோடு இருப்பது என்பதில்தான் விட்ட மூச்சையெல்லாம் திரும்பப் பிடித்துக்கொண்டு சண்டைக்கு நின்றார்கள்.

அவனுக்கு வேண்டியது பள்ளி நாட்களின் இரவுகள். கூட வேலை செய்கிற ஒருவன் விவாகரத்துக்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமை அப்பாவாகி, மகனைப் பூங்காவுக்கும் ஐஸ்கிரீம் கடைக்கும் இழுத்துக்கொண்டு அலைவதை அவன் பார்த்திருந்தான். "எந்த வகுப்பு படிக்கிறான்னு ஒருத்தர் கேட்டாருடா. சட்டுனு வரல எனக்கு" என்று அந்த நண்பன் ஒருநாள் லிஃப்ட் மோட்டார் அறையில் உட்கார்ந்து சொன்னது மறக்கவில்லை. அப்படி ஆகிவிடக் கூடாது என்றுதான், லிஃப்டில் மாட்டிக்கொண்டவர்களை மீட்க இரவில் ஓடும் வேலையை விட்டுப் பகல் பராமரிப்புக்கு மாற்றல் வாங்கியிருந்தான்.

"யார் நல்ல அப்பா, யார் நல்ல அம்மான்னு கண்டுபிடிக்கிறது என் வேலை இல்ல" என்றார் ஆலோசகர். ஐம்பது வயது இருக்கும். அவரும் அதே குட்டை நாற்காலியில்தான், ஆனால் பிறந்ததிலிருந்தே அதில் உட்கார்ந்திருப்பவரைப்போல. "தீர்ப்புக்கு முன்னாடி கொஞ்ச மாசம் ஒரு ஏற்பாடு. நீங்க ரெண்டு பேருமே கடைசியா இறங்கி வந்து கேட்ட மாதிரி சரிபாதி. ரெண்டு நாள் அங்க, ரெண்டு நாள் இங்க. அதுல என் கண்டிஷன் ரெண்டு இருக்கு."

இருவரும் தலையாட்டினார்கள்.

"கூட்டிட்டுப் போக யாரும் போகக் கூடாது. யார்கிட்ட இருக்காளோ அவங்கதான் கொண்டுபோய் விடணும்."

"ரெண்டும் ஒண்ணுதானே மேடம்?" என்றான் அவன்.

"உங்களுக்கு ஒண்ணு. பிள்ளைக்கு இல்ல. வாசல்ல ஒருத்தர் வந்து நின்னு 'கிளம்பு'ன்னா, பறிச்சிட்டுப் போற மாதிரி. நீங்களே கையைப் புடிச்சுக் கொண்டுபோய் விட்டா, 'நீ அங்க இருக்கறது எனக்குச் சம்மதம்'னு அர்த்தம். அதை வாயால சொன்னா பசங்க நம்ப மாட்டாங்க. கால் சொன்னா நம்புவாங்க."

அவன் தன் காலைப் பார்த்துக்கொண்டான்.

"அடுத்தது. கொண்டுவந்து விடறவங்க வாசல்ல மூணு விஷயம் சொல்லணும். சாப்பிட்டாளா, தூங்கினாளா, உடம்பு எப்படி. கேட்டுக்கறவங்க ஒரே வார்த்தைதான் சொல்லணும். 'சரி'."

"அதுக்கு மேல கேள்வி வந்தா?" என்றாள் வாலுவின் அம்மா.

"மறுநாள் போன்ல கேளுங்க. கோபம் ஆறியிருக்கும். ஆறலைன்னா அதுக்கு மறுநாள்."

இருவருக்கும் ஒரே நேரத்தில் சிரிப்பு வந்துவிட்டது. அடுத்தவரும் சிரிப்பதைப் பார்த்து இருவரும் ஒரே நேரத்தில் நிறுத்திக்கொண்டார்கள்.

அவனுடைய வக்கீலுக்கு மூக்கில் ஒரு கண்ணாடி, நெற்றியில் ஒரு கண்ணாடி. எதன் வழியாகப் பார்க்கிறார் என்பது கடைசிவரை அவனுக்குப் பிடிபடவில்லை. "அந்த ஆலோசகரம்மா நல்லவங்கதான். ஊரே கையெடுத்துக் கும்பிடும்" என்றார் அவர். "ஆனா வாசல்ல நீங்க சொல்றது ஒவ்வொண்ணும் நாளைக்கு கோர்ட்டுக்கு வரும். சளின்னு சொல்லுவீங்க. 'கவனிக்கத் தெரியாத அப்பா'ன்னு எழுதிக்குவாங்க. அதனால சாப்பிட்டா, தூங்கினா, உடம்பு நல்லா இருக்கு. கிளிப்பிள்ளை மாதிரி இது மட்டும்தான் வரணும். வாய் தவறி நிஜம் எதுவும் வந்துடப் போகுது."

அதற்கு வேலை முதல் வாரமே வந்தது.

வாலு வந்து தங்கிய முதல் இரவு கழிந்த காலை. பால்காரர் மணி அடிப்பதற்கு முன்பே அவள் எழுந்து அவன் அறை வாசலில் நின்றாள். தலையணை உறையைச் சுருட்டி மார்போடு அணைத்திருந்தாள்.

"தண்ணி கொட்டிடுச்சுப்பா."

அவள் அறையில் தண்ணீர் வைத்த பாத்திரம் எதுவும் இல்லை. அவன் எதுவும் கேட்கவில்லை. படுக்கை விரிப்பை உருவி வாளியில் போட்டான். அவளுக்கு வெந்நீர் வைத்தான். குளித்துவிட்டு வந்து, ஈரத் தலையோடு அவன் பக்கத்தில் உட்கார்ந்து ரொட்டியைப் பிய்த்துக்கொண்டே அவள் சொன்னாள்: "அம்மா வீட்ல இப்படி ஆகறது இல்ல."

அந்த வார்த்தை அவனை எங்கே போய்த் தைத்தது என்று எட்டு வயதுப் பிள்ளைக்கு எப்படித் தெரியும். இரண்டாம் இரவு படுக்கை காய்ந்தே இருந்தது. இந்த வீடு பழகினால் சரியாகிவிடும் என்று நினைத்துக்கொண்டான். ஆனால் அம்மா வீட்டில் இரண்டு நாள் இருந்துவிட்டுத் திரும்பிய இரவு மறுபடி நனைந்தது. மருந்துக் கடையில் போய், வயதான அப்பாவுக்கு என்று சொல்லி ஒரு ரப்பர் விரிப்பு வாங்கினான். கடைக்காரர் பெரியவரின் உடல்நிலையை அக்கறையாக விசாரித்ததுதான் சங்கடமாகப் போயிற்று.

கொண்டுபோய் விடும் நாட்களில் பஸ்ஸில் ஜன்னலோரம் அவளுக்கு. வழியெல்லாம் பேச்சுதான். எந்த டீச்சருக்கு எந்த டீச்சரைப் பிடிக்காது, யார் யாருடைய ரப்பரைத் தின்றான் என்பதெல்லாம். அம்மா வீட்டுத் தெருமுனை வந்ததும் பேச்சு குறையும். படியில் ஏறும்போது சுத்தமாக நின்றுவிடும். கதவு திறக்கும்.

"சாப்பிட்டா. நல்லா தூங்கினா. உடம்பு நல்லா இருக்கு" என்பான் அவன்.

வாலு தன் செருப்பைப் பார்த்துக்கொண்டு நிற்பாள்.

"சரி" என்பாள் வாலுவின் அம்மா.

அவள் கொண்டுவந்து விடுகிற நாட்களிலும் அதே மூன்று வாக்கியங்கள்தான். "நல்லா தூங்கினா" என்று அவள் சொல்லும்போதெல்லாம் அவனுக்குள் புகைந்தது. அங்கே தூங்குகிற பிள்ளைக்கு இங்கே தூக்கம் வரவில்லை என்றால் அதற்கு என்ன அர்த்தம். அதை நீதிபதிக்குத் தெரியாமல் எத்தனை நாள் மூடிவைப்பது.

அப்படியே போயிருக்கும். வெயில் கொளுத்திய ஒரு சனிக்கிழமையில் அந்தப் பொய் மாட்டிக்கொண்டது. அன்று காலைதான் வாலு வந்திருந்தாள். மதியத்திலிருந்தே தண்ணீரைத் தொடவில்லை. பழச்சாறு வேண்டாம். மோர் வேண்டாம். தர்பூசணியைப் பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டாள். விளையாட்டுத் திடலில் ஓடி ஆடிவிட்டு வந்தவளுக்கு உதடு வறண்டு வெடித்திருந்தது.

"ஒரு வாய் குடிடா. நாக்கு ஒட்டிக்கப் போகுது."

"வேணாம்பா."

"ஏன்?"

அவள் டம்ளரைத் தள்ளிவைத்தாள். பிறகு, பெரிய உதவி ஒன்றைச் செய்கிறவர் அதைச் சொல்லக் கூச்சப்படுவதுபோலச் சொன்னாள்: "குடிக்கலைன்னா நனையாது. அப்புறம் நீங்க வாசல்ல சொல்றது நிஜமாயிடும் இல்ல?"

லிஃப்ட் கம்பி அறுந்தால் என்ன ஆகும் என்று எல்லோரும் அவனிடம் கேட்பார்கள். ஒன்றும் ஆகாது, பிடித்துக்கொள்ள வேறு ஏற்பாடு இருக்கிறது என்பதுதான் அவன் வழக்கமாகச் சொல்கிற பதில். அன்றைக்குப் பிடித்துக்கொள்ள எதுவும் இல்லை. அவன் சமையலறைத் தரையில் அவள் உயரத்துக்கு உட்கார்ந்தான்.

"நீ குடி. எவ்வளவு வேணுமோ அவ்வளவு குடி. வாசல்ல நான் இனிமே இருக்கறதையே சொல்றேன்."

"அம்மா கோச்சுக்க மாட்டாங்களா?"

"அம்மா 'சரி'ன்னுதான் சொல்லணும். அதான் ரூல்."

அவள் இரண்டு டம்ளர் குடித்தாள். அன்று இரவு நனைந்தது. இருவரும் சேர்ந்து விரிப்பைப் பிழிந்தார்கள். அவள் ஒரு முனை, அவன் ஒரு முனை. அவள் முறுக்கிய வேகத்தில் தண்ணீர் அவன் முகத்தில் அடித்தது. வாலு என்ற பெயர் சும்மா வரவில்லை.

திங்கட்கிழமை மாலை அந்த வாசலில் நின்றபோது வக்கீல் நெற்றிக் கண்ணாடி வழியாகப் பார்ப்பதுபோல ஒரு பிரமை.

"சாப்பிட்டா. உடம்பு நல்லா இருக்கு" என்றான். பிறகு, "தூக்கம்தான். படுக்கை நனையுது. ஆரம்பத்திலேர்ந்தே. நான் சொல்லாம இருந்துட்டேன். அவ தண்ணி குடிக்கறதையே நிறுத்தப் பார்த்தா, அதான் சொல்றேன்."

வாலுவின் அம்மாவின் முகத்தில் என்னவோ வந்து போனது. கதவைப் பிடித்திருந்த கை இறுகியது. வாலு இந்தத் தடவை செருப்பைப் பார்க்கவில்லை. அம்மாவை அண்ணாந்து பார்த்தாள்.

"சரி" என்றாள் வாலுவின் அம்மா. கதவு மூடிக்கொண்டது.

மறுநாள் அவள் போன் செய்து கேட்பாள் என்று எதிர்பார்த்தான். அதற்கு மறுநாளும் எதிர்பார்த்தான். போன் வரவில்லை. வழக்கமான நாளில் வாலுவைக் கொண்டுவந்து விட்டாள். "சாப்பிட்டா, உடம்பு நல்லா இருக்கு" என்று இரண்டை மட்டும் சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போய்விட்டாள். ஒன்றை விட்டுவிட்டதை அவன் கவனிக்கவில்லை. கவலை அவனுக்கு வேறாக இருந்தது.

வக்கீல் கேட்டுவிட்டு இரண்டு கண்ணாடியையும் கழற்றினார். "எதிராளிக்குக் கத்தி வேணும்னா அவங்களே கடைக்குப் போய் வாங்கிக்கட்டுமே சார். நீங்க எதுக்குத் தீட்டிக் கொண்டுபோய்க் குடுத்தீங்க?"

விசாரணை நாள் வந்தது. நீதிபதியின் அறை அவன் நினைத்ததுபோல உயரமான மேடையோடு இல்லை. ஒரே மேசை, சுற்றி எல்லோரும். நீதிபதி மெலிந்த மனிதர். தொண்டை கட்டியிருந்ததால் அவர் பேசும்போது எல்லோரும் சற்று முன்னால் சாய வேண்டியிருந்தது. வேண்டுமென்றே அப்படிப் பேசுகிறாரோ என்றுகூட அவனுக்குத் தோன்றியது. முன்னால் சாய்ந்துகொண்டு கத்துவது கடினம்.

வாலுவின் அம்மாவுடைய வக்கீல் இளைஞர். அவனே வாசலில் சொன்ன சங்கதிதான் அவருடைய முதல் சங்கதி. "குழந்தை தந்தையின் வீட்டில் பாதுகாப்பாக உணரவில்லை என்பதற்கு, ஐயா, தந்தையின் வாக்குமூலமே..."

அவன் மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டான். போயிற்று. பள்ளி நாள் இரவுகள் அத்தனையும் போயிற்று.

"கொஞ்சம் நிறுத்துங்க தம்பி" என்றாள் வாலுவின் அம்மா தன் வக்கீலிடம். "இதைப் பேச வேணாம்னு உங்ககிட்ட சொன்னேன் இல்ல?" பிறகு நீதிபதியின் பக்கம் திரும்பினாள். "ஐயா, என் வீட்லயும் நனையுது. முதல் நாள்லேர்ந்து. எனக்கு மட்டும்தான் இப்படின்னு நினைச்சேன். 'அப்பா வீட்ல இப்படி ஆகாது'ன்னு சொன்னா அவ. அவ அப்பா வந்து வாசல்ல அப்படிச் சொன்ன அன்னிக்கு எனக்குக் கை கால் ஓடல. அங்கயே சொல்லியிருக்கணும். ரூலைக் காரணமா வெச்சு 'சரி'ன்னு கதவைச் சாத்திட்டேன். அவருக்கு இருந்த தைரியம் எனக்கு அப்ப இல்ல."

அவன் அவளையே பார்த்தான். பத்து வருடம் கூட வாழ்ந்த முகம். இப்படி ஒரு முகமும் இதற்குள் இருந்ததா என்று இருந்தது. அவள் வழக்கை ஜெயித்திருக்கலாம். வாயைத் திறக்காமல் இருந்தாலே போதும்.

நீதிபதி ஆலோசகரைப் பார்த்தார்.

"எனக்கும் தெரியாது ஐயா" என்றார் ஆலோசகர். மழுப்பவில்லை. "எங்கிட்ட படம் வரைஞ்சா, கதை சொன்னா, இதை மட்டும் சொல்லல. அப்பாகிட்ட அம்மாவைக் காப்பாத்தியிருக்கா, அம்மாகிட்ட அப்பாவைக் காப்பாத்தியிருக்கா. எனக்குப் பிடிபடல. அதை அறிக்கையில எழுதிடறேன்."

"எந்த ராத்திரி நனையுது?" என்றார் நீதிபதி.

"வந்த அன்னிக்கு" என்றார்கள் இருவரும் ஒரே குரலில்.

"ரெண்டாம் நாள்?"

"இல்ல" என்றான் அவன்.

"எனக்கும் இல்ல" என்றாள் அவள்.

நீதிபதி சுவரிலிருந்த மாதக் காலண்டரைக் கழற்றி எடுத்துவரச் சொன்னார். அதை மேசையில் விரித்து, வாலு ஒரு வீட்டிலிருந்து இன்னொரு வீட்டுக்குப் போன ஒவ்வொரு நாளிலும் சிவப்புப் பென்சிலால் ஒரு கோடு போட்டார். அவசரமே இல்லை. போட்டு முடித்ததும் பார்த்தால் காலண்டர் பூராவும் சிவப்பு, அடிபட்ட பிள்ளையின் முழங்கால் மாதிரி.

"யாருக்கு எத்தனை நாள்னு எண்ணிக்கிட்டு இருந்தோம்" என்றார் அவர். "அவ எத்தனை தடவை மூட்டை கட்டறான்னு எண்ணல. நீங்க கேட்டீங்க, நானும் கையெழுத்துப் போட்டேன். இந்தத் தப்புல எனக்கும் பங்கு இருக்கு."

ஒரு நீதிபதி தன் தப்பைத் தானே எடுத்து மேசையில் வைப்பதை அவன் இதற்குமுன் கேள்விப்பட்டதுகூட இல்லை. வக்கீல் நெற்றிக் கண்ணாடியை மூக்குக்கு இறக்கிக்கொண்டு பார்த்தார்.

பிறகு நீதிபதி கேட்க ஆரம்பித்தார். பள்ளிக்கூடம் யார் வீட்டுக்குப் பக்கம். கண்ணாடிக் கடையில் எந்த நாள் கூட்டம் அதிகம். பராமரிப்பு வேலை காலையில் எத்தனை மணிக்கு. வாலுவின் சிநேகிதி எந்தத் தெரு. ராத்திரி விளக்கு எரிய வேண்டுமா, அணைக்க வேண்டுமா. சட்டப் புத்தகம் எதையும் அவர் புரட்டவில்லை. ஒவ்வொரு பதிலையும் எழுதி, எழுதியதை அவர்களுக்கே படித்துக் காட்டி, சரிதானா என்று கேட்டார். பழுதான லிஃப்டை நல்ல கைகாரன் இப்படித்தான் பார்ப்பான் என்று அவனுக்குப் பட்டது. எடுத்த எடுப்பில் எதையும் கழற்ற மாட்டான். முதலில் கேட்பான், ஏறி இறங்கிப் பார்ப்பான்.

முடிவு இதுதான். வாரத்தில் ஒரே ஒரு தடவை போய்வருவது. புதன்கிழமை பள்ளி முடிந்ததிலிருந்து சனிக்கிழமை மாலைவரை அப்பா வீடு. மீதி நாள் அம்மா வீடு. டாக்டரிடம் இருவரும் சேர்ந்து போக வேண்டும். படிப்பு வருடம் முடிந்ததும் மறுபடி பார்ப்பது.

அவன் மனத்துக்குள் கூட்டிப் பார்த்தான். பாதி கேட்டு வந்தவனுக்குப் பாதிக்குக் குறைவு. ஞாயிற்றுக்கிழமை சுத்தமாகக் கிடையாது.

"குறையுதுன்னு தெரியும்" என்றார் நீதிபதி. "உங்களைக் குறைச்சு மதிச்சதா எடுத்துக்க வேணாம். நீங்க வாசல்ல சொல்லலைன்னா எனக்கு இது தெரிஞ்சிருக்காது."

"இல்லங்கய்யா" என்றான் அவன். "ரெண்டு நாள் காலையில நான் ஸ்கூலுக்கு அனுப்பறேன். அது போதும் இப்போதைக்கு."

போதும் என்று சொன்னது முழு மனத்தோடு அல்ல. ஆனாலும் பொய் சொல்லவில்லை.

"அம்மாவுக்கு?"

"சனிக்கிழமை கடையில மூச்சு விட நேரம் இருக்காது ஐயா" என்றாள் அவள். "அவ அங்க இருக்கறதுதான் நல்லது."

வெளியே தாழ்வாரத்தில் வக்கீல் அவன் கையைக் குலுக்கினார். "நான் சொன்ன ஒண்ணைக்கூட நீங்க கேட்கல. அதனாலதான் இந்தளவுக்காவது வந்திருக்கு" என்று சொல்லிவிட்டு, அதில் தனக்கு வருத்தமா சந்தோஷமா என்று தெரியாதவரைப்போல நடந்து போனார்.

வாலுவிடம் இதை யார் சொல்வது என்று பேச்சு வந்தது. ஒருவர் சொன்னால் இன்னொருவர் சொல்வது வேறாகிவிடும் என்று இருவருமே நினைத்தார்கள். சேர்ந்தே போனார்கள். பஸ்ஸில் வாலுவின் அம்மாவுக்கு இடம் கிடைத்தது, அவன் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான். இறங்குகிற இடம் வந்தபோது அவள் சொன்னாள்: "அன்னிக்கே போன் பண்ணியிருக்கணும். நம்பரை எடுத்து எடுத்து வெச்சேன்."

"மேடம்தான் சொன்னாங்களே, மறுநாள் இல்லைன்னா அதுக்கு மறுநாள்னு."

"இது எத்தனாவது மறுநாள்?" என்று கேட்டுவிட்டு அவளே சிரித்துக்கொண்டாள்.

பள்ளி வாசலில் அப்பாவும் அம்மாவும் பக்கத்தில் பக்கத்தில் நிற்பதைப் பார்த்த வாலு, ஓடிவந்தவள் பாதியில் நின்றுவிட்டாள். முகம் வெளுத்துவிட்டது.

"யாருக்கு என்ன ஆச்சு?"

"யாருக்கும் ஒண்ணும் ஆகல. வா" என்றாள் அம்மா. மதிலோரம் மர நிழலில் அவளை நடுவில் உட்காரவைத்துச் சொன்னார்கள். முதலில் அவன், பிறகு அவள். நனைவது இரண்டு வீட்டிலும் தெரியும் என்பதையும் சொன்னார்கள். இனிமேல் எதையும் அவள் பார்த்துக்கொள்ள வேண்டாம், பெரியவர்கள் பார்த்துக்கொள்வார்கள் என்றும் சொன்னார்கள்.

வாலு எல்லாவற்றையும் கேட்டுவிட்டுப் பெருமூச்சு விட்டாள். பெரிய உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெறுகிறவர் விடுகிற மூச்சு அது. பிறகு நேராக அவனைப் பார்த்தாள்.

"அப்போ வியாழக்கிழமை உங்க வீட்லேர்ந்துதான் போவேனா?"

"ஆமா."

"இந்த வாரத்திலேர்ந்து வியாழக்கிழமை விளையாட்டு பீரியட். வெள்ளை ஷூ. முந்தின நாளே தேய்ச்சுக் காய வைக்கணும். அப்பதான் காலையில மஞ்சளா தெரியாது. தெரியுமா உங்களுக்கு?"

அவனுக்குத் தெரியாது. விளையாட்டு பீரியட் வியாழக்கிழமை என்பதே இப்போதுதான் தெரிகிறது. அவன் வாலுவின் அம்மாவைப் பார்த்தான்.

"பழைய டூத் பிரஷ்ஷால தேய்க்கணும்" என்றாள் அவள். "கழுவிட்டு வெள்ளைத் தாள் சுத்திக் காய வைங்க. வெயில்ல வேணாம், நிழல்ல."

"நாக்கை வெளிய இழுத்து விடணும்" என்றாள் வாலு.

"எதோட நாக்கை?"

"ஷூவோட நாக்கைப்பா" என்றாள் வாலு. இந்த அப்பாவை வைத்துக்கொண்டு வியாழக்கிழமைகளை எப்படி ஓட்டுவது என்ற கவலையோடு தன் காலை நீட்டி, லேஸை அவிழ்த்து, எது நாக்கு என்று காட்ட ஆரம்பித்தாள். அவன் குனிந்து பார்த்தான்.